கச்சான் தோட்டத்தில் தொங்கிய சீடி

கூட்டத்தில் எழும்பிக் கதைக்க எனக்கு வராது என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். போன மாதம் நம் முதியோர் சங்கத்தில் ஆளுக்கொரு சின்ன வயதுக் கதை சொன்னீர்கள். என் முறை வந்தபோது, தேத்தண்ணீர் ஊற்றப் போகிறேன் என்று குசினிக்குள் போய்விட்டேன். அதனால் எழுதித் தருகிறேன். கண் தெரிகிறவர் யாராவது மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். பிழை இருந்தால் மனதுக்குள் திருத்திக்கொள்ளுங்கள்.

என்னுடைய சின்ன வயதில் சொல்ல ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்தால் மறித்தார்கள். வெங்காயத்துக்குப் புல்லுப் பிடுங்கினேன். கலியாணம் கட்டி வைத்தார்கள். நான் எழுதுவது என் மகளின் சின்ன வயது. அதிலும் கச்சான் கடலை போட்ட ஒரு போகம் மட்டுந்தான்.

சண்டை நின்று பாதை திறந்திருந்த காலம் அது. உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வவுனியாவிலிருந்து சாமான்கள் வந்துகொண்டே இருந்தன. சோப்பின் மணம், புது பிளாஸ்ரிக் வாளியின் மணம், எல்லாம் ஒரேயடியாக வந்தன. புதுக்குடியிருப்புச் சந்தியில் ஒரு கடையில் குளிர்பெட்டிகூட வைத்தார்கள். வெளிநாட்டில் இருந்த என் தம்பி, மருமகள் படிக்கட்டும் என்று காசு அனுப்பி, வவுனியாக் கடையொன்றில் கொம்பியூட்டருக்குச் சொல்லி வைத்தான். கச்சான் வாங்க வரும் முஸ்லிம் யாவாரி ஒருவர் இருந்தார். நாங்கள் நானா என்போம். வெறும் லொறியாக வரும்போது அவரே அதை ஏற்றிக்கொண்டு வந்தார்.

"தங்கச்சி, பொண்ணு கொண்டாற மாதிரி மெத்தை போட்டுக் கொண்டாந்திருக்கன். ஒரு கீறல் இல்ல. பாத்து எறக்குங்க" என்றார்.

மூன்று பெரிய பெட்டியும் ஒரு சின்னப் பெட்டியும். சாமான் உடையாமல் இருக்கப் பெரிய பெட்டிகளுக்குள் வைத்திருந்த வெள்ளை ரெஜிபோமை மகள் உடைத்துக் கோழிக்குப் போட, கோழிகள் கொத்திவிட்டு ஏமாந்து நின்றன. சின்னப் பெட்டியில் நீலநிறப் பறவை ஒன்றின் படம் இருந்தது. அதற்குள் இருந்த சாமானைக் கடைக்காரன் ஏற்கெனவே மெஷினுக்குள் பூட்டிவிட்டானாம். மிச்சமாக ஒரு கடதாசி உறையும் அதற்குள் ஒரு மினுங்கும் வட்டமும் இருந்தன. இன்னொரு பெட்டியிலும் அப்படி ஒன்று இருந்தது.

நீலப் பறவைப் பெட்டியை நான் எடுத்துப் பொத்தான் போட்டு வைத்தேன். நல்ல தடித்த மட்டை. மினுங்கும் வட்டங்களை இவர், அதாவது என் வீட்டுக்காரர், எடுத்தார். அது கச்சான் ஊன்றும் நேரம். முளை கிளம்பக் காகம் வந்து இழுக்கும். முன்பெல்லாம் பழைய கசற் நாடாவை உருவித் தடிக்குத் தடி இழுத்துக் கட்டுவார். காற்றுக்கு அது ம்ம்ம் என்று ஊதும். அந்தமுறை நாடா கிடைக்கவில்லை. வட்டங்களின் நடுவில் இருந்த ஓட்டையில் நூலைக் கோர்த்துத் தடியில் கட்டினார். வெயிலுக்கு அவை சுழன்று நிலத்தில் வெளிச்சத்தை எறிந்தன. காகம் கிட்டவும் வரவில்லை.

"கடைக்காரன் எல்லாத்தையும் உள்ளுக்கை போட்டுத்தான் அனுப்பியிருக்கிறான். உது சும்மா பகட்டுக்கு வைக்கிறது" என்றார். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். எங்கள் தோட்டம் வீட்டோடு இல்லை. குளக்கட்டுக்கு அந்தப்பக்கம். மகள் அங்கே போவதில்லை.

மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. மெலிந்த பிள்ளை. கதிரையில் சம்மணம் கட்டித்தான் இருப்பாள். கறண்ட் என்றால், சந்தியடியில் ஜெனரேற்றர் வைத்திருந்தவர் பொழுதுபடும்போது விடுகிற கறண்ட். சாப்பாட்டு நேரம் முடிய நிற்பாட்டிவிடுவார். அந்த நேரத்துக்குள் மகள் எழுத்துத் தட்டிப் பழகுவாள். என் பெயரைத் தட்டிக் காட்டினாள். என் பெயரை அவ்வளவு பெரிதாக நான் எங்கும் பார்த்ததில்லை.

கார்த்திகை மழையில் ஒருநாள் ஜெனரேற்றர் இருமி இருமி நின்றது. பிறகு கறண்ட் வந்தும் மெஷின் எழும்பவில்லை. ரியூசன் கொட்டிலில் கொம்பியூட்டர் படிப்பிக்கிற வாத்தியார், மகள் சேர் என்பாள், மோட்டார் சைக்கிளில் வந்தார். பால் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே வேலை செய்தார்.

"எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுப் புதுசாப் போட்டிருக்கிறன். படத்துக்கு உரியதை என்ரை மெஷின் சீடியாலை போட்டனான். எல்லா மெஷினுக்கும் ஒண்டுதான்" என்றார்.

மெஷின் எழும்பியது. எழுத்துகள் மட்டும் கொஞ்சம் தடித்துத் தெரிந்தன. அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் விளையாட்டு வந்தது. கலியாண வீட்டுக்கு வந்த ஒருவரிடம் என் தம்பி அதைக் கொடுத்து அனுப்பியிருந்தான். லொறி ஓடுகிற விளையாட்டு. மலையடியில் ஒரு ஊரில் சாமான் ஏற்ற வேண்டும், வளைந்து வளைந்து போக வேண்டும், கடைசியில் ஒரு பெரிய ஆறும் பாலமும். அங்கால் போய்ச் சாமானை இறக்க வேண்டும். மகள் ஓடுவாள். எனக்கு ஒரு வேலை தந்தாள். எழுத்துத் தட்டுகிற கட்டைகளில் ஒன்றைக் காட்டி, "அம்மா, நீங்கள் ஹோர்ன் அடியுங்கோ. வளைவுகளிலை மட்டும்" என்றாள்.

சட்டி கழுவின ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு வந்து இருப்பேன். "இப்ப" என்பாள். அமத்துவேன். பாம் என்று கத்தும். எனக்கு வெட்கமாக இருக்கும். நாற்பத்தைந்து வயதுக்குமேல் போன மனுசி ஹோர்ன் அடித்துக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் அடுத்தநாள் பொழுதுபடும்போது சோற்றை வேளைக்கே வடித்துவிடுவேன்.

பாலத்துக்குக் கிட்ட லொறி போகும். ஆற்றுத் தண்ணீர் ஒரு கரையில் தெரியத் தொடங்கும். அவ்வளவுதான். லொறி அசையாது. சத்தம் ட்ட்ட்ட் என்று ஒரே இடத்தில் இழுபடும். பிறகு திரை முழுக்க நீலமாகி வெள்ளை எழுத்து வரும். மெஷின் தானாகவே நின்று மறுபடி எழும்பும். முதலிலிருந்து சாமான் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு நாளும் அந்த இடத்தில்தான். தண்ணீரைக் கண்டவுடன்.

இதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். இவருடைய தமக்கை, எனக்கு மச்சாள், பக்கத்து வளவில் இருந்தா. "கண்ணூறடி. இந்த ஊரிலை உங்களிட்டை மட்டும் எண்டா ஆக்களுக்கு வயிறு எரியாதோ?" என்று உப்பும் செத்தல் மிளகாயும் கொண்டுவந்து மெஷினைச் சுற்றி எரித்தா. எல்லோரும் இருமினோம். அன்றைக்கும் பாலத்தடியில் நின்றது.

சேர் சொன்னார், கறண்ட் சரியில்லை என்று. ஜெனரேற்றர்காரர் வாசலுக்கு வந்து சண்டைக்கு நின்றார். "என்ரை கறண்டிலை குளிர்பெட்டியே ஓடுது. உங்கடை பெட்டை விளையாடுற லொறி ஓடாதோ?" நான் தூசியாக இருக்கும் என்று நினைத்துப் பழைய சேலையைக் கிழித்து அதற்கு உறை தைத்தேன். விளிம்பில் பூ வைத்துத் தைத்தேன்.

இவர் ஒரே முடிவுக்கு வந்தார். பிள்ளை விளையாடி விளையாடித்தான் மெஷின் பழுதாகிறது என்று. "படிக்கத்தான் வாங்கினது. கச்சான் ஏத்த நானா வருவார்தானே, அந்த லொறியிலையே உந்தக் கொம்பியூட்டரையும் ஏத்திவிடுறன். வித்துப்போட்டுத் தண்ணி இறைக்கிற மெஷின் எடுப்பம்."

மகள் அழுகிற பிள்ளை இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "அந்தப் பாலத்துக்கு அங்காலை என்ன இருக்கெண்டு ஒருக்காப் பாத்தாப் போதும் அப்பா. பிறகு ஏத்துங்கோ."

"பாலத்துக்கு அங்காலை என்ன இருக்கும்? றோட்டுத்தான் இருக்கும்" என்றார் இவர்.

மார்கழி முடிய, தம்பி போனில் கதைக்கிறான் என்று கொமினிக்கேசன் கடையிலிருந்து ஆள் வந்து சொல்ல, மகளும் நானும் ஓடினோம். தகப்பனுக்குச் சொல்லவில்லை. மகள்தான் மாமனோடு கதைத்தாள். திரும்பி வரும்போது மழைத் தண்ணீருக்குள் துள்ளித் துள்ளி வந்தாள்.

"அம்மா, பிழை மெஷினிலை இல்லையாம். படம் காட்டிற கார்ட்டுக்கு அதுக்கெண்டு உள்ளதைப் போடவேணுமாம். டிரைவர் எண்டு சொல்லுறது. சேர் வேறை மெஷினின்ரையைப் போட்டதாலை தண்ணியைக் கீறத் தெரியாமல் விழுந்து போகுதாம். சரியான சீடி பெட்டிக்குள்ளை வந்திருக்குமாம்."

வீட்டை வந்து பெட்டி பெட்டியாகத் தேடினாள். பரணில் தேடினாள். அலுமாரிக்கு அடியில் தேடினாள். என் பொத்தான் பெட்டியைக் கவிழ்த்தாள். பொத்தான்கள் சீமெந்து நிலத்தில் உருண்டு போயின. வெறும் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இந்தக் குருவிப் பெட்டிதான். இதுக்குள்ளைதான் இருந்திருக்கும். கண்டனீங்களே அம்மா?"

"இல்லைப் பிள்ளை" என்றேன். பொய் இல்லை. வீட்டுக்குள் அவள் கையில் வைத்திருந்த விளையாட்டுச் சீடியின் மினுக்கமும், தோட்டத்தில் காகத்துக்குக் கட்டியிருந்த மினுக்கமும் ஒன்று என்று எனக்குப் படவில்லை. ஒன்று வீட்டுச் சாமான், மற்றது தோட்டத்துச் சாமான். தகப்பனிடம் அவள் கேட்கவில்லை. கேட்டால் அன்றைக்கே ஏற்றிவிடுவார் என்று பயம்.

கச்சான் பிடுங்குகிற நாள் வந்தது. பள்ளிக்கூடம் இல்லாத நாளாகப் பார்த்து எல்லோரும் இறங்கினோம். மச்சாளும் வந்தா. செம்மண் ஈரமாக இருந்தது. செடியைப் பிடித்து இழுக்க, கொத்துக் கொத்தாய் மண்ணோடு வந்தது. பச்சைக் கச்சானின் மணம் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மகள் ஒரு வரம்பு பிடித்து வந்துகொண்டிருந்தாள். தடிக்குக் கிட்ட வந்தவள் நிமிர்ந்தாள். கையில் இருந்த செடியிலிருந்து மண் உதிர்ந்துகொண்டே இருந்தது. அவள் அசையவில்லை.

"இதை ஆர் கட்டினது?"

"நான்தான். ஏன், ஒரு காகம் வந்ததே? சொல்லு பாப்பம்" என்றார் இவர், பெருமையாக.

மகள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். ஒரு பக்கம் மினுக்கம் போய்ப் புகைபிடித்த மாதிரி இருந்தது. மற்றப் பக்கத்தில் நீலப் பறவை. அதன் செட்டை வெளிறிப் போயிருந்தது. அதைத் தகப்பனுக்கு நேரே பிடித்தாள். என்ன விஷயம் என்று நான்தான் சொன்னேன்.

மச்சாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தா. "தம்பி, பிள்ளைக்குக் காட்டாத படத்தைக் காகத்துக்கெல்லே காட்டியிருக்கிறாய்!"

இவர் சிரிக்கவில்லை. குனிந்து பிடுங்கத் தொடங்கினார்.

பின்னேரம் மகள் சீடியைக் கழுவினாள். பற்பசை பூசிப் பஞ்சால் உரைஞ்சினாள். சேர் அப்படிச் செய்கிறவராம். மெஷினுக்குள் போட்டாள். அது உள்ளே கிர் கிர் என்று சுற்றியது. திரையில் ஒரு கோடு நீண்டுகொண்டு போனது. பாதியில் நின்றது. மறுபடி பூசினாள். மறுபடி பாதி. வீடு முழுக்கப் பற்பசை மணம். இவர் கதவு நிலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கறண்ட் போனது.

விடிய எழும்பிப் பார்த்தேன். இவர் இல்லை. வெளியில் போட்டுப் போகிற சேட்டும் இல்லை. மேசையில் இருந்த சீடியும் இல்லை. எனக்கு ஒன்றும் சொல்லிவிட்டுப் போகவில்லை. எறிந்துவிட்டாரோ என்றுதான் மகள் முதலில் கேட்டாள்.

அன்றைக்குத்தான் நானா வந்தார். சொன்ன நாளுக்கு இரண்டு நாள் முந்தியே வந்துவிட்டார். கச்சான் சாக்குகளை ஏற்றி முடித்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"தங்கச்சி, கொம்பியூட்டரும் ஏத்தணும்னு உங்க அவரு சொல்லியிருந்தாரே. எங்க, எடுத்து வைங்க."

"ஏத்திவிடும்" என்றா மச்சாள், என்னைப் பார்த்து. "அவன் சொன்னால் சொன்னதுதான். வந்து பாத்து இல்லையெண்டால் உம்மைத்தான் பேசுவான். எடுத்துக் குடும்."

மகள் மெஷினுக்கு முன்னால் கதிரையில் சம்மணம் கட்டி இருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. முதுகு மட்டும் தெரிந்தது. நான் வெளி ஆம்பிளைகளோடு முகம் பார்த்துக் கதைத்ததில்லை. நானாவோடும் எப்போதும் கதவுக்குப் பின்னால் நின்றுதான் கதைப்பேன். அன்றைக்குப் படியில் இறங்கி நின்றேன்.

"அதை ஏத்தவேண்டாம்" என்றேன்.

"அவரு வந்து கேட்டா?"

"நான் மறிச்சதெண்டு சொல்லுங்கோ."

நானா என்னைப் பார்த்தார், உள்ளே மகளின் முதுகைப் பார்த்தார். "சரி தங்கச்சி. பொண்ணு பொறந்த வீட்டுக்குத் திரும்பிப் போறதும் சரியில்லதான்" என்று சொல்லி லொறியில் ஏறினார். மச்சாள் முணுமுணுத்துக்கொண்டு தன் வளவுக்குப் போனா. மகள் அப்போதும் திரும்பவில்லை. அன்று இரண்டு பேரும் கறியில்லாமல் சோறு தின்றோம்.

அடுத்தநாள் பின்னேரம் இவர் வந்தார். சேட்டு முழுக்கச் செம்மண். கதிரையில் இருந்து, ஒரு செம்பு தண்ணீர் குடித்து முடித்த பிறகுதான் வாய் திறந்தார்.

"ஓமந்தைச் சோதனையடியிலை ஆமிக்காரங்கள் என்னை இறக்கிப்போட்டாங்கள். இந்தச் சீடியை வெளிச்சத்திலை பிடிச்சுப் பிடிச்சுப் பாக்கிறாங்கள். என்ன படம் எண்டு கேட்டாங்கள். படமில்லை, படம் வடிவாத் தெரியிறதுக்குப் போடுறது எண்டன். அவங்களுக்கு விளங்கேல்லை. எனக்கும் விளங்கேல்லை. வெயிலுக்குள்ளை இருத்தி வைச்சிருந்திட்டு விட்டாங்கள். வவுனியாவுக்குப் போய்ச்சேரக் கடை பூட்டிப்போட்டான். பூவரசங்குளத்திலை சொந்தக்காரர் வீட்டிலை படுத்து எழும்பி, காலமை போய் வாங்கினனான்."

சேட்டுப் பைக்குள்ளிருந்து புதுச் சீடியை எடுத்தார். நீலப் பறவை. அதன் செட்டை நல்ல நீலமாக இருந்தது. மகள் இரண்டு கையாலும் வாங்கினாள். கொம்பியூட்டர் ஏன் இன்னும் இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கறண்ட் வந்தது. கோடு கடைசிவரைக்கும் போனது. மெஷின் நின்று எழும்பியபோது எழுத்துகள் மெலிந்து வடிவாக இருந்தன. மகள் சாமான் ஏற்றினாள். மச்சாளும் வந்து இவருக்குப் பக்கத்தில் நின்றா. வளைவுகளில் நான் ஹோர்ன் அடித்தேன். ஆறு தெரியத் தொடங்கியது. தண்ணீர் அசைந்தது. தண்ணீரில் வானம் தெரிந்தது. நாங்கள் அதுவரை அதைக் கண்டதில்லை. லொறி பாலத்தில் ஏறியது.

"இப்ப அம்மா! விடாமல் அடியுங்கோ!"

விடாமல் அடித்தேன்.

லொறி அங்கால் இறங்கியது. றோட்டு. இந்தப்பக்கம் நின்ற அதே மரங்கள். கொப்புகூட அதேதான். அதே மைல்கல். மகள் கொஞ்சத் தூரம் ஓடிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அங்காலையும் இதே மரந்தானம்மா! கீறினவைக்கு அலுத்துப் போச்சுப் போலை."

"நான் அப்பவே சொன்னனான், றோட்டுத்தான் இருக்குமெண்டு" என்றார் இவர். பிறகு, "பாத்தாச்சுத்தானே. அப்ப ஏத்திவிடுவமே?" என்று கேட்டார். அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

"அதெப்பிடி? போனால் திரும்பி வரவும் வேணுமெல்லே" என்றாள் மகள்.

கொம்பியூட்டர் வீட்டிலேயே இருந்தது. பழுதான சீடியை மகளே கொண்டுபோய்த் தோட்டத்துத் தடியில் மறுபடி கட்டிவிட்டாள். அடுத்த போகத்துக்கும் அது சுழன்றது. அதற்கடுத்ததுக்கும்.

கதை அவ்வளவுதான். ஆனால் நீங்கள் கேட்பீர்கள், அதனால் மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன்.

மறுபடி சண்டை மூண்டு, கடைசி இடப்பெயர்வில் கொம்பியூட்டரை உழவு மெஷின் பெட்டியில் ஏற்றினோம். இரண்டாவது இடத்தில் இறக்கி, நான் தைத்த உறையைப் போட்டு, ஒரு வேப்பமரத்தடியில் வைத்துவிட்டு நடந்தோம். மச்சாளின் உயிர் இரணைப்பாலையில் போனது. வலைஞர்மடத்தில் தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் ஷெல் விழுந்து மகள் போனாள். பதினெட்டு வயது. கடற்கரை மணலில் இவரும் இன்னும் இரண்டு பேரும் கிடங்கு வெட்டினார்கள். மணல் சரிந்து சரிந்து விழுந்தது. மறுபடி மறுபடி அள்ளினார்கள். நான் பார்த்துக்கொண்டு இருந்தேன். அழுதேனா என்று எனக்கு ஞாபகம் இல்லை.

பிறகு ஆமிப் பக்கம் போகிற வட்டுவாகல் பாலம். நீங்களும் அதால்தான் வந்தீர்கள். எல்லோரும் நடந்தோம். கையில் ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் தண்ணீர். நான் கீழே பார்க்கவில்லை. அங்கால் இறங்கினபோது இவர் என் பக்கம் திரும்பினார்.

"இஞ்சாரும், மரங்களைப் பாத்தீரே?"

"ஓம்" என்றேன். "அதே மரந்தான்."

முகாமிலும் சரி, பிறகும் சரி, நாங்கள் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

மீளக் குடியேறலாம் என்று விட்டபோது பஸ்ஸில் அதே பாலத்தால் திரும்பி வந்தோம். நான் யன்னல் பக்கம் இருந்தேன். பாலத்தில் ஏறும் இடத்தில் எதிரே ஒரு லொறி வந்தது. பஸ் சாரதி ஹோர்ன் அடித்தார். விடாமல் அடித்தார். இவர் குனிந்து என் கையைப் பார்த்தார். அப்போதுதான் நானும் பார்த்தேன். என் விரல் யன்னல் கம்பியை அமத்திக்கொண்டிருந்தது.

கையை எடுத்து மடிக்குள் வைத்துக்கொண்டேன். பஸ் பாலத்தைக் கடந்துவிட்டது.